முழுச் சத்தத்தில் ஒரு டேப்

என் குரல் பெரிய குரல். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பேசினால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரே, "நான் இங்கனதான இருக்கேன், பழனியில இருக்கவனுக்கா சொல்ற?" என்று கேட்டிருக்கிறார். பிறவியிலேயே இப்படி இல்லை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேறு வேலை அமையாமல், எரியோடு பக்கம் ஒரு நூல் மில்லில் பல வருஷம் இருந்தேன். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அறுந்த இழையை ஒட்டப் பழக்கிக்கொடுப்பது என் வேலை. மெஷின்கள் ஓடும் கூடத்துக்குள் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். மீதியை வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். மில்லை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் பின்தங்கிப்போன பிள்ளைகளுக்கான வகுப்பு. எங்கள் ஊரில் பிறந்து வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர், ஆபீஸில் கழித்துப்போட்ட டேப்லெட்டுகளை ஓர் அட்டைப்பெட்டி நிறைய அனுப்பிவைத்தார். தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆப் அவற்றில் போட்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஒரு பெண் குரல் வெல்லப்பாகு மாதிரி, "யானை எங்கே இருக்கிறது? தொடுங்கள்" என்று கேட்கும். சரியாகத் தொட்டால் "அருமை!" தப்பாகத் தொட்டால் "பரவாயில்லை, மீண்டும் முயலுங்கள்." பிள்ளைகள் அந்தக் குரலுக்கு டேப் அக்கா என்று பேர் வைத்தார்கள். எனக்கு வைத்த பேர் சவுண்டு டீச்சர். என் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஆப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே எழுத்தை நூறு தடவை கேட்டாலும் அலுக்காமல் சொல்லும். அந்தப் பொறுமை என்னிடம் மருந்துக்கும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட ஹெட்போனுக்குள் தைரியமாகத் தப்புச் செய்தார்கள், ஏனென்றால் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆப்புக்கு ஒரே ஒரு கெட்ட குணம் உண்டு. பிள்ளை தொடர்ந்து தப்பாகத் தொட்டால் கீழ்ப் படிக்கு இறக்கிவிடும். ஏன் தப்பு வருகிறது என்று கேட்காது.

தீபாவளி கழிந்த வாரத்தில் ஒரு பிள்ளையை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்தாம் வகுப்பு. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, ரெட்டைச் சடையை மடித்துக் காதை மூடியமாதிரி ரிப்பன் கட்டியிருந்தது. அம்மா விடியக்காலை பூப்பறிக்கப் போகிறவள். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை.

"இவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர். அஞ்சாப்போட நிறுத்திட்டு எங்கூட பூப்பறிக்க அனுப்புன்னு இவுக அப்பா சொல்லிட்டாரு. ஆறாப்புன்னா பஸ் ஏறிப் போகணும். 'போயி அங்கனயும் பெஞ்சத் தேய்க்கவா'ங்கிறாரு. இந்த டேப்பாவது இவ மண்டையில ஏத்துமான்னு பாருங்க."

"ஏறும், ஏறும். அவ என்ன கல்லா?" என்றேன் என் வழக்கமான குரலில். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். மற்றப் பிள்ளைகள் முதல் நாள் என் குரலைக் கேட்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிவார்கள். இவள் ஒருத்திதான் நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்தாள்.

அதிலிருந்து அதுதான் அவள் இடம். எவ்வளவு சொல்லியும் நகர மாட்டாள். நான் நாற்காலியை நகர்த்தினால் அவளும் பாயை இழுத்துக்கொண்டு நகர்வாள். எனக்கு அது பிடித்திருந்தது. என்னைப் பார்த்து ஓடாத ஒரு பிள்ளை. வீட்டில் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆனால் படிப்பு விஷயத்தில் அவள் என்னைப் பாடாய்ப் படுத்தினாள். ஒரு நாள் டேப்பில் கடகடவென்று ஏறுவாள். இரண்டெழுத்துச் சொல், மூன்றெழுத்துச் சொல் எல்லாம் தாண்டி வாக்கியத்துக்குப் போய்விடுவாள். அடுத்த நாள் "மாடு எங்கே" என்றால் ஆட்டைத் தொடுவாள். அதற்கடுத்த நாள் ஒன்றையுமே தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கணக்கில் இந்தத் தொல்லையே இல்லை. திரையில் எழுத்தில் காட்டும் கணக்கைத் தப்பில்லாமல் போடுவாள். மண்டையில் ஏறாத பிள்ளைக்குக் கணக்கு மட்டும் எப்படி ஏறும்? திமிர் என்று நினைத்தேன். "மனசு வச்சா செய்றா, வைக்காட்டி இல்ல" என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அவளுடைய டீச்சரும் இதையேதான் சொல்லியிருந்தார். அவரும் பாவம், ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையைத்தான் தனியாகப் பார்ப்பார்?

இதற்கு நடுவில் இன்னொரு எரிச்சல். சாயங்காலம் டேப்களைச் சார்ஜில் போடும்போது ஏதாவது ஒன்றில் சத்தம் கடைசி வரைக்கும் ஏற்றியிருக்கும். ஹெட்போனைத் தரையில் வைத்தாலே டேப் அக்கா கூடம் முழுக்கப் பேசுவாள். "எவ செஞ்ச வேலை இது? காது அவிஞ்சு போகும்டி" என்று எல்லோரையும் திட்டுவேன். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குறைத்து வைப்பேன். மறுநாள் மறுபடியும் ஏறியிருக்கும்.

பொங்கலுக்கு அப்புறம் அந்த ஆப் அவளைக் கடைசிப் படிக்கு இறக்கிவிட்டது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கான பாடம். திரையில் ஒரு முயல்குட்டி துள்ளிக் குதித்துக் கைதட்டியது. பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐய, முயல் பாடம்" என்றது. அவள் டேப்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எவ்வளவு கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அந்த முயலின் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது.

அடுத்த நாள் அவள் அம்மா வந்து, "பழனிக்குப் போறோம் டீச்சர். முடி எடுக்கிறதா வேண்டியிருக்கேன். முருகன்தான் இவளுக்கு அறிவக் குடுக்கணும்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மொட்ட போட்டா படிப்பு வந்துருமா? அப்ப எதுக்கும்மா பள்ளிக்கூடம், எதுக்கு நான்? ஊரு பூராத்தையும் கூட்டிட்டுப் போயி மொட்ட போட்டுட்டு வந்துருவோமே!"

அவள் கோபப்படவில்லை. "வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு போய்விட்டு வந்தார்கள். எனக்குப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று வந்தது. பிள்ளை மொட்டைத்தலையில் சந்தனம் காய்ந்திருக்க, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் அடங்கினார்கள். அவள் துண்டை எடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டினாள். முடியில்லாத தலையில் அது நிற்காமல் வழுக்கியது. எடுத்து மாட்டிவிடலாம் என்று குனிந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாளும் சடைக்கும் ரிப்பனுக்கும் பின்னால் இருந்த காது. இடது காதுக்குள் எண்ணெயில் நனைந்த பஞ்சு. அதன் ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்த கசிவு. லேசான வாடை. அவள் சட்டென்று கையால் அதை மூடிக்கொண்டாள். ஹெட்போனின் வலது பக்கத்தை மட்டும் இன்னொரு கையால் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பழக்கப்பட்ட கை, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நான் நிமிர்ந்தேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது என் வாயைத்தான். மில்லுக்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. அந்தச் சத்தத்துக்குள் அத்தனை வருஷம் நின்ற எனக்கே இது தெரியாமல் போயிருக்கிறது.

சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் என் குரலை வைத்துச் சோதிக்க முடியாது. எனக்கு மெதுவாகப் பேசவே வராது. ஒரு டேப்பை எடுத்து ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, மற்றப் பிள்ளைகள் கேட்கும் அளவில் சத்தத்தை வைத்தேன். வாயில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் ஹெட்போனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பூனை எங்கே இருக்கிறது? தொடுங்கள்" என்றாள் டேப் அக்கா. கூடத்தில் அத்தனை பிள்ளைகளும் டேப்பைப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. சத்தத்தை ஏற்றினேன். "பூனை எங்கே இருக்கிறது?" திரும்பவில்லை. இன்னும் ஏற்றினேன். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கடைசி வரைக்கும் ஏற்றினேன். முழுச் சத்தம். டேப் அக்கா கூடம் அதிரக் கேட்டபோதுதான் அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்தது யார் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஹெட்போன்களில் பாதி பழசு, ஒரு பக்கம் பேசாது. வலது பக்கம் பேசுகிற ஹெட்போன் கிடைத்த நாளில் அவள் படியேறினாள், கிடைக்காத நாளில் இறங்கினாள். நான் அதற்குத் திமிர் என்று பேர் வைத்தேன். அந்த ஆப் முயல் பாடம் கொடுத்தது.

"கேக்கலன்னு ஏந்தாயி சொல்லல?" என்று அவள் முன்னால் உட்கார்ந்து கேட்டேன்.

அவள் யோசித்தாள். "எல்லாருக்கும் இம்புட்டுத்தான டீச்சர் கேக்கும்?" என்றாள்.

மற்றவர்களுக்கு எவ்வளவு கேட்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கிறது, ஆனாலும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது, தனக்குத்தான் புரியவில்லை, அதனால் தான் மக்கு. அந்தச் சின்னத் தலைக்குள் அவளாகவே போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான். நான் பிள்ளைகள் முன்னால் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். அப்பா சம்பங்கிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா விஷயத்தைக் கேட்டதும், "கைப்பிள்ளையிலருந்து காதுல சலம் வடியும் டீச்சர். பூண்டு போட்டு எண்ண காய்ச்சி ஊத்துவேன், நின்னுரும். மறுபடி வரும். வளந்தாச் சரியாப் போகும்னாக" என்றாள். வாடை தெரியாமல் இருக்கத்தான் சடையை அப்படி மடித்துக் கட்டியிருக்கிறாள். ஊரில் எத்தனை வீட்டில் இதே எண்ணெய் காய்கிறது என்று எனக்குத் தெரியும். அவளை நான் எதற்குத் திட்டுவேன்? இனிமேல் ஊற்றாதே என்றேன்.

அப்பா நம்பவில்லை. "காதெல்லாம் நல்லாக் கேக்கும் டீச்சரம்மா. வரப்புல நின்னு ஒரு குரல் குடுத்தா ஓடி வாராளே."

"உங்க குரலும் என் குரலும் ஒண்ணுதாங்க. நம்ம ரெண்டு பேருக்குத்தான் அவ ஓடி வருவா. மெதுவாக் கூப்பிட்டுப் பாருங்க."

பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருந்தாள். அவர் இருந்த இடத்திலிருந்தே, "ஏத்தா" என்றார். அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும், அப்படி ஒரு குரலில் அவர் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார். அவள் திரும்பவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போனார். "ஏத்தா. ஏ தாயி." இன்னும் பக்கத்தில் போனார். கையை நீட்டினால் மொட்டைத்தலையைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் நின்று கூப்பிட்டார். அவள் பாட்டுக்குத் தண்ணீரில் சம்பங்கி மொட்டை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு போனது, யாரும் எழுந்து கட்டவில்லை. "அப்ப இவ மக்கு இல்லியா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் காது டாக்டரிடம் காட்டினோம். அவள் அப்பாவும் மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேராக அங்கே வந்துவிட்டார். கண்ணாடி போட்ட ஓர் அறைக்குள் அவளைத் தனியாக உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகள் பயந்து அழுவார்களாம். எங்கள் பிள்ளைக்கு ஹெட்போனும் பட்டனும் புதுசா? நாட்டாமை மாதிரி உட்கார்ந்து அழுத்தினாள். ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த எங்களுக்கு, அவள் அழுத்தாமல் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகமாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அப்பா, "அமுக்கு, அமுக்கு" என்று கண்ணாடிக்கு வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இடது காதில் சவ்வு ஓட்டையாகி உள்ளே வெகுவாகக் கெட்டுப்போயிருக்கிறது, அதில் கேட்பது ஏறக்குறைய இல்லை. வலது காதிலும் குறைவுதான், ஆனால் காது மிஷின் வைத்தால் கேட்கும். முதலில் சீழ் காய வேண்டும். ஆபரேஷனைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். போனது திரும்பி வரும் என்று அவர் சொல்லவில்லை. அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றியிருப்போம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகன்தான் டீச்சர் முடிய எடுக்கச் சொல்லி ஒங்க கண்ணுல காட்டுனது" என்றாள். பஞ்சாமிர்தத்தை அப்போதே சாப்பிட்டு முடித்திருந்தேன், எந்த வாயை வைத்துக்கொண்டு மறுப்பது?

மருந்து விட்டு, காய்ந்து, மறுபடி வடிந்து, மறுபடி காய்ந்து, மிஷின் கைக்கு வரும்போது கோடை விடுமுறை வந்துவிட்டது. அதுவரை அவளுக்கு நல்ல ஹெட்போனை ஒதுக்கிவைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொடுத்துப் பாடம் நடத்தினேன். முயல் பாடத்திலிருந்து அவளாகவே ஏறி வந்தாள். அவ்வளவு வேகமாக யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்பைப் பற்றி அவள் அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. படிப்பு ஏறாத பிள்ளைக்குப் பதில் காது கேட்காத பிள்ளை என்று காரணம் மட்டும் மாறியிருக்கலாம், பூக்காடு அப்படியேதான் இருந்தது. பஸ்ஸில் தனியாகப் போக வேண்டும், பின்னால் வண்டி வந்தால் தெரியாது என்று அவர் சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்?

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் சமுதாயக்கூடத்து வாசலில் மொபட் வந்து நின்றது. பின்னால் அவள், புதுச் சீருடையில். முடி கொஞ்சமாக வளர்ந்து குச்சி குச்சியாக நின்றது. வலது காதுக்குப் பின்னால் மிஷின். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "பஸ்ஸுல பழகுற வரைக்கும் நானே கொண்டு போயி விட்டுட்டு வாரேன். காலையில பூவப் போடத் திண்டுக்கலுக்குப் போறவன்தான" என்றார். அந்தக் குரல் ரொம்பத் தாழ்ந்து இருந்தது. வீட்டில் எல்லோரும் அப்படிப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறார்கள் போல.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாடி என் ராசாத்தி!" என்றேன்.

அவள் துள்ளி விழுந்தாள். காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்து, "டீச்சர், ஏன் இம்புட்டுக் கத்துறீங்க?" என்றாள்.

கூடமே சிரித்தது. அவள் அப்பாவும் சிரித்தார், பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மில்லுக்குப் போன நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி அது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை.

இருட்டும்போது வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அப்பா கிளம்பினார். அவள் பெட்டியிலிருந்து ஒரு டேப்பை எடுத்துக்கொண்டாள். பாயை என் காலடிக்கு இழுத்து வருவாள் என்று நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன். அவள் நேராகக் கூடத்தின் கடைசிக்குப் போய், ஜன்னல் ஓரத்தில் அவள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள். ஹெட்போனை அழுத்தி மாட்டினால் மிஷின் கீ என்று கத்தும் என்பதால் கொஞ்சம் தளர்த்தி மாட்டினாள். எனக்கு மனசு வலித்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் எழுந்து போய்க் கூப்பிடவில்லை.

இருட்டுகிற நேரத்தில் மற்றப் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த கதையைத் தனக்குள் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, எனக்கு வராத அந்தக் குரலை எங்கிருந்தோ வரவழைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்கு, "ஏத்தா, அப்பா வந்தாச்சு" என்றேன்.

"வாரேன் டீச்சர், செத்த நேரம்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.